பதினைந்து ஆண்டும் ஓராண்டும்: செயற்கை நுண்ணறிவுப் பட்டத்தின் இந்திய வரலாறு

2019–20 கல்வியாண்டில் ஐதராபாத் ஐ.ஐ.டி. செயற்கை நுண்ணறிவில் பி.டெக். பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஐ.ஐ.டி.களில் இப்பெயர் தாங்கிய முதல் இளநிலைப் பட்டம் அதுவே. சேர்க்கை இடங்கள் ஏறத்தாழ 20. அடுத்த கல்வியாண்டிலேயே தமிழகம் உட்படப் பல மாநிலங்களின் தனியார் பொறியியல் கல்லூரிகளில் இதே பெயரிலோ, இதனை ஒட்டிய பெயர்களிலோ பட்டப்படிப்புகள் தோன்றின. இன்று பொறியியல் கலந்தாய்வுக்கு வரும் பதினேழு வயது மாணவரின் விருப்பப் பட்டியலில் இப்பெயர் பெரும்பாலும் மேல்வரிசையிலேயே நிற்கிறது.

பட்டம் புதிது, பாடமோ இந்நாட்டில் அறுபது ஆண்டுப் பழமையுடையது. பட்டம் இல்லாத அந்த நெடுங்காலத்தில் இப்பாடத்தை யார் கற்றனர், எங்கிருந்து வந்து கற்றனர் என்பதை அறிந்தால்தான், இன்று இப்பட்டத்தைப் பெறும் மாணவருக்கு எது கிடைக்கிறது, எது கிடைக்காமற் போகக்கூடும் என்பது விளங்கும்.

முதல் தலைமுறையினரின் பட்டங்களைப் பார்ப்போம். சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் கிண்டி பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்பு பயின்றவர். பின்னர் அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1954இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட டிஃப்ராக் கணிப்பொறியை உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். அது 1960இல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், அணுத்துகள்கள் விட்டுச்செல்லும் தடங்களின் புகைப்படங்களைக் கணிப்பொறி தானே படித்தறியும் முறையை ஆராய்ந்தார். ஒரு வாக்கியத்தைச் சொற்களாகவும் தொடர்களாகவும் இலக்கணம் பகுப்பதுபோல, ஒரு படத்தையும் கோடுகளாகவும் சந்திப்புகளாகவும் பகுக்க முடியும் என்பது அவர் கருத்து. படத்திற்கும் இலக்கணம் உண்டு என்ற இவ்வெண்ணம் உருவறிதல் துறையின் முன்னோடிச் சிந்தனைகளுள் ஒன்று. பிற்காலத்தில் அவர் மொழிநடத்தையை ஆராய்ந்து 1981இல் அது குறித்து நூலும் வெளியிட்டார்.

மற்றொருவர் ராஜ் ரெட்டி. சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து அதே கிண்டியில் கட்டடப் பொறியியல் பயின்றவர். 1966இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தியின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார். 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரையே இத்துறைக்குச் சூட்டியவர் மெக்கார்த்தி. தொடர்பேச்சைக் கணிப்பொறி புரிந்துகொள்ளச் செய்யும் ஆய்வில் ரெட்டி முன்னோடியானார். 1994இல் எட்வர்டு ஃபைகன்பாமுடன் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். பிற நாடுகளிலும் நிலைமை இதுவே. மெக்கார்த்தி கணிதத்திலிருந்து வந்தவர். ஹெர்பர்ட் சைமன் அரசியல் அறிவியலிலிருந்து வந்தவர். ஒவ்வொருவரும் தத்தம் துறையில் தீராத ஒரு சிக்கலைக் கையோடு எடுத்துக்கொண்டு இத்துறைக்குள் நுழைந்தனர்.

இந்தியாவில் ஒரு புதிய பாடம் பட்டமாக மாறுவதற்கு எவ்வளவு காலம் எடுத்தது என்பதற்குக் கணிப்பொறி அறிவியலே சான்று. 1963 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி நிறுவப்பட்டதும் கணிப்பொறிப் பாடங்கள் தொடங்கின. பிற துறை மாணவர்கள் அவற்றைக் கற்றனர். 1971இல் முதுநிலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் உரிய தனிப் பாடப்பிரிவு உருவாயிற்று. இளநிலைப் பட்டம் 1978இல்தான் வந்தது. முதல் பாடத்திற்கும் முதல் இளநிலைப் பட்டத்திற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். இந்த இடைவெளியில் நடந்தது என்ன என்பது கருதத்தக்கது. முதுநிலை பயின்றோரும் முனைவர் பட்டம் பெற்றோரும் ஆசிரியராயினர், பாடநூல்கள் எழுதப்பட்டன. வி. ராஜாராமனின் நூல்கள் வழியாகவே நாடெங்கும் பல தலைமுறையினர் நிரலெழுதக் கற்றனர். முதலில் ஆசிரியர், பிறகு நூல், அதன்பின் இளநிலை மாணவர் என்ற வரிசையில் அப்பட்டம் வளர்ந்தது.

அதன்பின் வந்த பட்டங்களில் தொழில்துறையின் தேவை மேலோங்கியது. ராஜாராமன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1980களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. பட்டம் வந்தது. பொறியியல் பயிலாத பட்டதாரிகளையும் கணிப்பொறிப் பணிக்கு ஆயத்தம் செய்வது அதன் நோக்கம். 1990களின் இறுதியில் மென்பொருள் ஏற்றுமதி பெருகியபோது 'தகவல் தொழில்நுட்பம்' என்ற பெயரில் பி.டெக். பட்டம் பரவியது. அதன் பாடத்திட்டத்தில் பெரும்பகுதி கணிப்பொறி அறிவியலுடன் ஒத்திருந்தது. வேறுபட்டது பெரும்பாலும் பெயரே.

இதே காலத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துகொண்டிருந்தது. 1982இல் ஜப்பான் ஐந்தாம் தலைமுறைக் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தாக்கத்தால் 1980களின் நடுவில் இந்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன், 'அறிவுசார் கணிப்பொறி அமைப்புகள்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பணி பங்கிடப்பட்டது: சென்னை ஐ.ஐ.டி.க்கு வல்லுநர் அமைப்புகள், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திற்கு இணைநிலைக் கணிப்பு, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்குப் படச் செயலாக்கம், டாட்டா நிறுவனத்திற்குப் பேச்சு, பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திற்கு இயல்மொழி. இத்திட்டத்தில் பயின்றோர் பெரும்பாலும் முதுநிலை மாணவர்களும் ஆய்வாளர்களுமே.

மொழித்துறையில் நிகழ்ந்தது தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1985இல் ரிக் பிரிக்ஸ் என்பவர் 'ஏ.ஐ. மேகசின்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் அப்போது நாசாவின் ஏம்ஸ் மையத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனமொன்றில் பணியாற்றினார். சமஸ்கிருத இலக்கணிகள் வாக்கியப் பொருளைப் பகுத்து விளக்கிய முறை, அன்றைய கணிப்பொறி ஆய்வாளர் பயன்படுத்திய பொருள்வலைகளை ஒத்திருக்கிறது என்பதே அதன் சாரம். கணிப்பொறிக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதமே என நாசா அறிவித்ததாக இன்றும் சுற்றிவரும் செய்தியின் மூலம் இக்கட்டுரைதான். அத்தகைய அறிவிப்பு எதுவும் அதில் இல்லை.

உண்மையான பணி கான்பூரில் நடந்தது. வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் முதலியோர் 'அக்‌ஷர் பாரதி' என்ற குழுப்பெயரில் இயங்கினர். இந்திய மொழிகளைக் கணிப்பொறியால் பகுக்க ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்ட வாக்கிய மாதிரிகள் போதா என்பதை அவர்கள் உணர்ந்தனர். 'கண்ணன் பாம்பைக் கொன்றான்' என்றாலும் 'பாம்பைக் கண்ணன் கொன்றான்' என்றாலும் கொன்றவன் கண்ணனே. சொற்கள் இடம்மாறினும் பொருள் மாறுவதில்லை. 'ஐ' உருபு அதனைக் காத்து நிற்கிறது. ஆங்கிலத்திலோ சொல் நிற்கும் இடமே செய்தவனையும் செயப்பட்டதையும் காட்டும். ஆகவே வினைக்கும் பெயருக்கும் இடையிலான உறவை முதன்மையாகக் கொள்ளும் பாணினியின் காரகக் கோட்பாட்டை அவர்கள் கணிப்பொறிக்கு ஏற்ப வகுத்தனர். 1995இல் அது நூலாக வந்தது. இந்திய மொழிகளுக்கான வாக்கிய மரத்தொகுப்புகள் பலவற்றில் இம்முறை பின்னர்ப் பயன்பட்டது. இலக்கணம் கற்றவரும் கணிப்பொறி கற்றவரும் ஒரே மேசையில் அமர்ந்ததால் விளைந்த பயன் இது.

அன்றைய இளநிலை மாணவர் இவற்றில் எதனைக் கண்டார்? கணிப்பொறி அறிவியலின் இறுதியாண்டில் ஒரு விருப்பப் பாடத்தை மட்டுமே. எலைன் ரிச், கெவின் நைட் ஆகியோரின் நூலே நெடுங்காலம் அதன் பாடநூல். தேடல் முறைகள், தருக்கம், சதுரங்கம், இரத்தத் தொற்றைக் கண்டறிய ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின் போன்ற வல்லுநர் அமைப்புகள் எனப் பாடம் விரியும். உலகெங்கும் இருமுறை நிதி வறண்ட 'குளிர்காலங்களை' இத்துறை கடந்திருந்தது; வேலைவாய்ப்பும் அதன் பெயரில் இல்லை. எடின்பரோ போன்ற சில இடங்களை விட்டால் இளநிலைப் பட்டமாக இதனை வைக்கப் பெரும்பாலோர் முன்வரவில்லை.

2012இல் டொராண்டோ ஆய்வாளர்களின் நரம்பு வலையமைப்பு, படங்களை இனங்காணும் இமேஜ்நெட் போட்டியில் மற்றவற்றைப் பெரிதும் விஞ்சியது. 2016இல் ஆல்ஃபாகோ, கோ விளையாட்டின் முன்னணி வீரர் லீ செடோலை வென்றது. 2018இல் நிதி ஆயோக் செயற்கை நுண்ணறிவுக்கான தேசிய உத்தி குறித்த ஆவணத்தை வெளியிட்டது. அதே ஆண்டு, ராஜ் ரெட்டி பணியாற்றிய கார்னகி மெலன் பல்கலைக்கழகம் அமெரிக்காவில் இப்பெயரிலான முதல் இளநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஐதராபாத்.

ஆனால் இப்பட்டம் இந்தியாவில் இத்துணை விரைவாகப் பரவியதற்குக் காரணம் ஆய்வுலகின் எழுச்சி மட்டும் அன்று. பொறியியல் இடங்கள் பெருமளவில் காலியாகக் கிடந்த காலம் அது. பி.வி.ஆர். மோகன் ரெட்டி தலைமையிலான குழு, 2020 முதல் மரபான பொறியியல் பிரிவுகளில் புதிய இடங்களை உருவாக்க வேண்டாம் என்றும், இருக்கும் இடங்களை வளர்ந்துவரும் துறைகளுக்கு மாற்ற ஊக்கமளிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமும் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு முதலியவற்றை அத்தகைய துறைகளாக அறிவித்தது. மாணவர் நாடாத பிரிவின் இடங்களை நாடும் பிரிவுக்கு மாற்றக் கல்லூரிகளுக்கு வழி கிடைத்தது. 2024–25இல், தகுதியுடைய கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடங்களே என்றிருந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது.

பெயர்களும் பெருகின. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 'செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும்' பி.டெக். பட்டம், 'கணிப்பொறி அறிவியல் (செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும்)' பி.இ. பட்டம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு விண்ணப்பிக்கும் குடும்பத்தார் பலருக்கு விளங்குவதில்லை. நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, தரவுக் கட்டமைப்பு, இயந்திரக் கற்றல், ஆழ்கற்றல் என்னும் முதுகெலும்பு எல்லாவற்றிலும் பொதுவானது. இயல்மொழிச் செயலாக்கம் பெரும்பாலும் விருப்பப் பாடமாகவே நிற்கிறது.

இங்கேதான் வரலாறு எழுப்பும் கேள்வி உள்ளது. கணிப்பொறி அறிவியலில் ஆசிரியர் உருவான பின் இளநிலைப் பட்டம் வந்தது. செயற்கை நுண்ணறிவில், ஆய்வு வலிமை கொண்ட சில நிறுவனங்களை விட்டுவிட்டால், பட்டம் வந்தபின் ஆசிரியரைத் தேட வேண்டியதாயிற்று. பதினைந்து ஆண்டுகளில் நடந்தது ஓரிரு ஆண்டுகளில் நடந்தேறியது. கணிப்பொறி, மின்னணுவியல், கணிதத் துறைகளின் ஆசிரியர்களே புதிய பாடங்களைத் தாமும் கற்றுக்கொண்டே கற்பிக்கின்றனர். இது அவர்கள் குறையன்று. உழைப்பு மிகுந்த பணி அது. எனினும் ஆய்வுச் சிக்கல் ஒன்றோடு ஆண்டுக்கணக்கில் போராடிய ஆசிரியரிடம் கற்பதும், ஆயத்த நிரல்தொகுப்பை இயக்கக் கற்பதும் ஒன்றாகா. கருவி ஓராண்டில் மாறிவிடும். சிக்கலை வகுக்கும் பயிற்சி மாறாது.

இக்குறையை நிரப்பும் வழிகளும் இந்தியாவிலேயே உள்ளன. ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் கணிப்பொறி அறிவியல் பி.டெக். பட்டத்தையும் கணினி மொழியியலில் ஆய்வுவழி முதுநிலைப் பட்டத்தையும் ஒருங்கே பெறும் படிப்பு உள்ளது. அங்கே மாணவர் ஒலியனியலும் தொடரியலும் கற்கிறார். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டத்தில், பிற துறையில் பயிலும் மாணவர் தம் முதற்பட்டத்தை விடாமலே தரவு அறிவியலையும் கற்கலாம். அதே வளாகத்தின் ஏ.ஐ.4பாரத் குழு, அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு மாதிரிகளை உருவாக்கியுள்ளது. தரவு குறைந்த மொழிகளுக்கு அத்தகைய மாதிரி அமைக்க நிரலறிவோடு மொழியறிவும் வேண்டும்.

இப்பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் கல்லூரியிடம் கேட்க வேண்டியவை சில. இயந்திரக் கற்றலைக் கற்பிக்கும் ஆசிரியர் எச்சிக்கலை ஆராய்ந்தவர்? இறுதியாண்டுத் திட்டத்திற்குத் தரவு எங்கிருந்து வரும். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைப்பதா, மருத்துவமனையிலிருந்தோ வயலிலிருந்தோ மாணவரே திரட்டுவதா? வேறு துறையில், அது மொழியியலோ உயிரியலோ பொருளியலோ ஆகட்டும், இரண்டு மூன்று பாடங்களையேனும் பயில இடமுண்டா? கணிதப் பாடங்கள் முழுமையாக நடத்தப்படுகின்றனவா? விடைகள் நிறைவு தருமாயின் பட்டத்தின் பெயர் எதுவாயினும் சேரலாம். நிறைவு தராவிடில், நல்ல ஆசிரியர் உள்ள கணிதத் துறையோ புள்ளியியல் துறையோ மேலானது. அங்கிருந்தும் இத்துறைக்கு வர முடியும் என்பதற்குக் கிண்டியில் தொலைத்தொடர்பும் கட்டடப் பொறியியலும் பயின்ற அவ்விருவருமே சான்று.