பிரித்தால் வளரும் வீடு

ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கம் போகிற வழியில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இடித்தார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஓடு இறங்கியது, சட்டம் இறங்கியது, கைமரம் இறங்கியது, கடைசியில் திண்ணைத் தூண். அதன் தலையில் நாக்கு நீட்டினாற்போல ஒரு கழுந்து. அது உத்திரத்தின் துளைக்குள் போய் உட்காரும். குறுக்கே ஓர் ஆப்பு அடித்தால் தீர்ந்தது. ஆணி ஒன்றுகூடக் கிடையாது. கரையான் ஏறாமலிருக்கக் காலுக்கடியில் ஒரு கல். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பழைய மர வியாபாரி நகத்தால் சுரண்டி முகர்ந்தார். "பர்மா தேக்குதாண்ணே. ஆனா அடியில வெடிச்சிருக்கே" என்று விலையைக் குறைக்க ஆரம்பித்தார்.

எதிரே யானைமலை. அதன் அடிவாரத்தில் லாடன் கோயில் என்று சொல்லும் முருகன் குடைவரை. தூண்களுக்கு மேலே போதிகை. மர வீட்டில் போதிகைக்கு வேலை உண்டு: தூணும் உத்திரமும் சந்திக்கும் இடத்தில் பாரத்தை இரு பக்கமும் பரப்பித் தாங்கும். ஒரே பாறையைக் குடைந்த இடத்தில் எதைத் தாங்க? சிற்பி தச்சனைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறான், அவ்வளவுதான்! இதே மலையில் நரசிங்கப் பெருமாள் குடைவரையை மாறன்காரி என்ற பாண்டிய அமைச்சர் தொடங்கி, முடிக்குமுன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்துவைத்தது 770இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பெருமையடித்துக்கொண்டான். அதுவரை எதை வைத்துக் கட்டினார்கள் என்பது அந்தப் பெருமையிலேயே தெரிந்துவிடுகிறது.

மரமோ அதற்கும் முன்பே கடல் தாண்டிவிட்டது. எகிப்தின் செங்கடல் கரையில், ரோமர் காலத்துப் பெரெனிகே துறைமுகத்தைத் தோண்டியபோது இந்தியத் தேக்கு கிடைத்தது. பழைய கப்பலைப் பிரித்துக் கட்டடத்துக்குப் போட்ட மரம் என்று கருதுகிறார்கள். காரைக்குடி வியாபாரம் புதிதல்ல! தேக்கு என்ற சொல்லையும் கேரளக் கரையில் போர்த்துக்கீசியர் 'தேக்கா' என்று தூக்கிக்கொண்டு போக, ஆங்கிலேயர் அதை 'டீக்' ஆக்கினார்கள்.

பர்மாவில் அந்தக் காலத்தில் தேக்கை உடனே வெட்டமாட்டார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு வளையமாகச் செதுக்கிவிட்டால் மரம் நின்றபடியே சாகும். இரண்டு மூன்று வருடம் காய்ந்தபின் வெட்டுவார்கள். யானை இழுக்கும், ஐராவதி ஆறு சுமக்கும். இந்த மரத்துக்காக ஒரு ராஜ்யமே போனது. பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி வெட்டிய மரத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டியது என்று பர்மா மன்னரின் மண்டலே தர்பார் சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஆங்கிலேயருக்கு அந்தச் சாக்கு போதுமானதாக இருந்தது. 1885 நவம்பரில் படை போனது; இரண்டே வாரத்தில் திபா மன்னர் கைதி. அவரைச் சென்னையில் சில மாதம் வைத்திருந்து ரத்தினகிரிக்கு அனுப்பினார்கள்.

மன்னர் வந்த கடல்வழியில்தான் தூணும் வந்தது. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நகரத்தார் வட்டிக்கடையில் சம்பாதித்ததைச் செட்டிநாட்டு வளவுகளில் தேக்காக நிறுத்தினார்கள். மதுரைச் சீமையில் வசதி குறைந்தவர்கள் அதைப் பார்த்துத் திண்ணைக்கு மட்டுமாவது இரண்டு தூண் வாங்கினார்கள். மேலே வேய்ந்த சீமை ஓட்டின் கதை தனி: ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் ஓட்டைப் பிரான்சில் கிலார்தோனி சகோதரர்கள் 1841இல் கண்டுபிடித்தார்கள், மதம் பரப்ப வந்த பாசல் மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் ஓட்டுச் சூளை வைத்தார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் செய்தார்கள்.

1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வர, நகரத்தார் கால்நடையாகக்கூட ஊர் திரும்பினார்கள். வருமானம் நின்றது. பல பெரிய வீடுகள் தூண் தூணாகக் கழன்று விலைக்குப் போயின. கழற்ற முடிந்ததற்குக் காரணம் அந்த ஆப்புதான்.

வேல்ஸ் நாட்டுத் தச்சனுக்கும் இந்த ரகசியம் தெரியும். அவன் மரம் ஓக். நம் வழக்கத்துக்கு நேர்மாறாகப் பச்சையிலேயே இழைப்பான், காய்ந்தால் உளி இறங்காது. மரச்சட்டங்களுக்கு இடையே தட்டி கட்டிக் களிமண் பூசுவான். எது எதோடு சேரும் என்பது மறக்காமலிருக்க அந்தப் பக்கத்துத் தச்சர்கள் மரத்தில் ரோமன் எண்களைக் கீறிவைப்பார்கள். 1678இல் எழுந்த அபெர்னோத்விட் என்ற பண்ணை வீட்டை 1950களில் அப்படியே பிரித்து, கார்டிஃப் பக்கம் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள். 1996இல் திறந்த நம் முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் செட்டிநாட்டு வீடு ஒன்று அப்படி வந்து நிற்கிறது.

பேரம் படிந்தது. தூண்களைச் சின்ன லாரியில் ஏற்றிக் கயிறு போட்டார்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது அடிக்கல் மட்டும் அங்கேயே கிடந்தது. பக்கத்து வீட்டம்மா அதில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்.