நீர் போன வழி

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதியோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் வேகத்தையும் விலையையும் பற்றியே எழுதினர். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பகட்டானதன்று. வண்டிக்குள் ஊற்றிய நீர் எங்கே போயிற்று என்பதே அது. கேள்வி சிறியதுதான், அதைக் கேளாமல் விட்டு எஞ்சினையே இழந்தோர் பலர்.

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. சத்திரம் என்ற சொல்லே வழிப்போக்கரின் பசியையும் தாகத்தையும் நினைவூட்டுவது. முன்பு 7 என்ற எண்ணும் இப்போது 44 என்ற எண்ணும் பெற்ற அச்சாலையில், லாரிக்குப் பேர்போன நாமக்கல் வட்டாரத்து வண்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன. கிழக்கே கொல்லிமலை, காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள். கீழே சித்திரை வெயில், மேலே செங்குத்தான ஏற்றம். இங்கே வழிப்போக்கனுக்கு மட்டுமன்று, அவன் ஏறிவரும் வண்டிக்கும் தாகம் உண்டு.

அத்தாகத்தின் காரணம் எளிது. எரிபொருளில் பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்கு உதவுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியை நீர்தான் சுமந்து சென்று காற்றில் விடவேண்டும். விடாவிட்டால் இரும்பு விரியும், பிஸ்டன் இறுகும், எஞ்சின் நின்றுபோகும்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற முதல் வண்டியில் நீர் கொதித்து ஆவியாகிப் போகும்படியே அமைத்திருந்தார்கள். நீரை இழப்பதுதான் அதன் குளிர்ச்சி முறை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், இரு மைந்தரோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அவ்வகை வண்டியில் சென்றார். வழி நெடுகிலும் நிறுத்தி நிறுத்தி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. அன்று நீர் போன வழியை எவரும் தேடவில்லை. கண்ணெதிரே ஆவியாய்ப் போயிற்று.

ஊற்றிய நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழியைச் செம்மை செய்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் உருவான மெர்சிடிஸ் வண்டிக்கு அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள்; ஒவ்வொன்றும் பற்றுவைத்துச் சேர்க்கப்பட்டது. நீரின் தேவை பெரிதும் குறைந்தது. ஆனால் அன்றுமுதல் இணைப்புகள் பெருகின. இணைப்பு பெருகிய இடத்தில் கசிவும் பெருகுமன்றோ? பிற்காலத்து மெக்கானிக்கின் தொழிலில் ஒரு பாதி இங்கேதான் பிறந்தது.

1908-இல் வெளிவந்து 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி வண்டிகளில், தொடக்கத்தில் வந்த சில நீங்கலாக, நீரைச் செலுத்தும் பம்பு கிடையாது. சூடான நீர் மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியே போதும் என விட்டுவிட்டனர். ஆனால் மேற்குழாயின் வாய்க்குக் கீழே நீர்மட்டம் இறங்கினால் அச்சுழற்சி அறுந்துபோகும். ஆகவே சிறு கசிவும் விரைவில் கொதிப்பாகத் தெரிந்தது. கசிவு அக்காலத்தில் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது.

பின்னர்ப் பம்பு வந்தது; அழுத்த மூடியும் வந்தது. மூடிய கலத்தில் அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் சேர்ந்தால், நீர் 100 டிகிரியில் அன்றி 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும். இது பெரும் நன்மை. கூடவே ஓர் ஆபத்தும் வந்தது. சூடான எஞ்சினின் மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்கி, உள்ளிருக்கும் நீர் முழுவதும் பொங்கி முகத்தில் அறையும். ஓட்டுநர்களின் கைகளில் காணும் வெந்த தழும்புகள் பல அவ்வாறு வந்தவை.

நீரோடு கூலண்ட் கலக்கும் வழக்கம் குளிர்நாடுகளில் நீர் உறையாதிருக்க எழுந்தது. நம் சமவெளியில் நீர் உறைவதில்லை. ஆயினும் துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் அது உதவுகிறது. உப்பேறிய கிணற்று நீரையே ஊற்றி வந்தால் குழாய்களின் உட்புறம் காரை படியும். கூலண்டுக்குப் பச்சை, சிவப்பு முதலிய நிறங்களைச் சேர்த்தது கசிவைத் தேடுவோர்க்கும் உதவியாயிற்று. ஒன்றை மறவாதீர்கள்: அதிலுள்ள கிளைக்கால் இனிப்பான நஞ்சு. அது தேங்கிய இடத்தில் ஆடோ நாயோ குழந்தையோ வாய்வைத்தால் உயிருக்கே கேடு.

இனி, தேடும் முறை. வண்டியை இரவில் உலர்ந்த தரையில் நிறுத்தி, அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் நிறமற்ற தூய நீர் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் குளிர்சாதனத்திலிருந்து வடிந்தது, அஞ்ச வேண்டாம். நிறமுள்ள ஈரம் முன்புறம் இருந்தால் ரேடியேட்டரையும் கீழ் ஹோஸையும் பாருங்கள். பெல்ட் ஓடும் பக்கம் இருந்தால் வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையைப் பாருங்கள். ஓடும்போது காற்று துளியைப் பின்னே தள்ளும். ஆதலால் சொட்டும் இடத்தை நம்பாமல், ஈரத்தின் மிக உயர்ந்த இடத்தைத் தேடவேண்டும். துளி காய்ந்திருந்தாலும் உலர்ந்த உப்புக்கறை சாட்சி சொல்லும். சில ஹோஸ் இணைப்புகள் குளிர்ந்தபோது கசிந்து, சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். அவற்றைக் காலையில்தான் பிடிக்க முடியும்.

வெளியே ஒரு துளியும் இல்லை, உள்ளே நீர் மட்டும் குறைகிறது என்றால், அதுவே மிகக் கொடிய நிலை. ஹெட் கேஸ்கெட் கெட்டு நீர் எஞ்சினுக்குள் போகலாம். எஞ்சின் சூடான பின்னும் நீங்காத வெண்புகை, பால் கலந்தது போன்ற எண்ணெய், ரேடியேட்டரில் எழும் குமிழிகள் ஆகியவை அதன் அடையாளங்கள். ஐயமிருந்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கைப்பம்பு கொண்டு மூடியில் குறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பதே நேர்மையான சோதனை. வெப்பமானியை மட்டும் நம்பலாகாது. நீர் முற்றும் வற்றிவிட்டால் அதன் உணர்முனை நீரைத் தொடாமல், குறைந்த சூட்டையே காட்டக்கூடும்.

நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்தி, குடத்து நீரை ஊற்றிவிட்டு மீண்டும் விரைவோரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும் என்பது ஒருபுறம். ஊற்றியதனால் கேள்வி மறைந்துவிடுகிறது என்பது மற்றொரு புறம். கடன்பட்டு ஒரு லாரி வாங்கிய குடும்பத்துக்கு அதன் எஞ்சினே விளைநிலம். சில ரூபாய் பெறும் ஹோஸ் ஒன்றை நேற்றே மாற்றியிருந்தால், மாதத் தவணை தவறியிராது.

பென்ஸ் காலத்தில் நீர் கண்முன்னே ஆவியாய்ப் போயிற்று. ஃபோர்டு காலத்தில் கொதித்துக் காட்டிற்று. நம் காலத்தில் அது ஓசையின்றி மறைகிறது. வண்டி திருந்தத் திருந்த, பார்ப்பவன் கண்ணும் கூர்மையடைய வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குச் சொல்வது. நீர் குறைந்தால் ஊற்றுங்கள். ஊற்றுமுன், அது போன வழியைக் கேளுங்கள்.