திருப்பூர்த் தொழிலாளர் சந்தை

நொய்யல் கரையிலுள்ள திருப்பூரில் பனியன் உற்பத்தி 1920களில் தொடங்கியது. அன்று வேலைக்கு வந்தவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்தினர். மானாவாரி நிலத்தையும் கிணற்றையும் நம்பிப் பிழைத்த கவுண்டர் குடும்பத்து இளைஞர்கள் பலர் தொழிலாளியாக நுழைந்து, பங்காளிகளோடு கூட்டுச் சேர்ந்து, முதலாளி ஆனார்கள். இந்த ஏற்றத்தை விரிவாக ஆராய்ந்த ஷரத் சாரியின் ஆங்கில நூல் 2004இல் வெளிவந்தது.

1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் வரத் தொடங்கியதும், உள்நாட்டுக்கு உள்ளாடை தைத்த ஊர் வெளிநாட்டுக்கு டி-சர்ட் தைக்கலாயிற்று. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏற்றுமதி பெருகப் பெருக நிட்டிங், சாயம், கட்டிங், செக்கிங் எல்லாம் தனித்தனிப் பட்டறைகளுக்குப் பிரிந்தன. பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தனர். டெய்லர் ஓவர்லாக் எந்திரத்தை ஓட்ட, பக்கத்தில் நிற்கும் கைமடி என்னும் உதவியாளர் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குவார். கண்ணால் பார்த்தே தொழில் பழகி, பின்னாளில் அவரே டெய்லராவார். அந்தக் கைமடிகளில் பலர் பள்ளிக்குப் போக வேண்டிய சிறுவர்கள் என்பதைத் திருப்பூரின் வளர்ச்சிக் கதை விட்டுவிடக் கூடாது.

உள்ளூர் ஆள் போதாமல் மதுரை, திண்டுக்கல், தேனி, நெல்லை என்று தென்மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 2001இல் சுமார் 5.5 லட்சமாக இருந்த நகரத் தொகுதியின் மக்கள்தொகை, 2011இல் 9.6 லட்சத்தைத் தாண்டியது. பிறப்பு மட்டும் ஓர் ஊரை இந்த வேகத்தில் வளர்க்காது.

இதற்குள் தமிழகமே மாறியிருந்தது. 1971இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.9 ஆக இருந்த குழந்தைப்பேறு, 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8 ஆகிவிட்டது. இருக்கும் இளையோரும் கல்லூரிக்குப் போகிறார்கள். 2021–22இல் மாநில உயர்கல்விச் சேர்க்கை 47 விழுக்காடு. பீஸ் ரேட்டுக்கு ஒன்றரை ஷிப்ட் தைக்கத் தன் பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது, அது நியாயமும்கூட.

அந்த இடத்தைப் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலத்தவர் நிரப்பினர். பனியன் கம்பெனி வாசலில் தொங்கும் 'ஆட்கள் தேவை' பலகைகளில் இந்தியும் ஏறியது. 2020 பொது முடக்கத்தில் அவர்கள் ஊர் திரும்பியபோதும், 2023 மார்ச்சில் வட மாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோதும், தையல் வரிசைகள் அவர்களையே நம்பி நிற்பது வெளிப்படையாயிற்று. அவர்களைப் பெற்று வளர்த்து ஆளாக்கிய செலவு முழுவதும் வேறு மாநிலத்துக் கிராமங்களின் தலையில் விழுந்தது. திருப்பூரின் ஏற்றுமதிக் கணக்கில் அதற்கென்று ஒரு வரிகூட இல்லை.

ஆள் தரும் மாநிலங்களும் இப்போது ஒரே நிலையில் இல்லை. அதே 2019–21 கணக்கெடுப்பில் ஒடிசாவின் குழந்தைப்பேறு தமிழகத்தைப் போலவே 1.8, மேற்கு வங்கத்தில் அதைவிடக் குறைவாக 1.6. பிகாரும் ஜார்க்கண்டும்தான் முறையே 3.0, 2.3 என்று இன்னும் ஈடுசெய் அளவான 2.1க்கு மேல் நிற்கின்றன.