ஏடும் ஆட்டமும்: கனடா நாட்டு ஹாக்கி இளைஞர் நடந்த இரு பாதைகள்

ஹாக்கி என்றதும் நம் மக்களுக்கு மண்தரையும் புல்தரையும் நினைவுக்கு வரும். கனடா நாட்டிலோ அது உறைந்த பனிக்கட்டியின்மேல், அடியில் இரும்புத் தகடு பொருத்திய காலணியோடு சறுக்கி ஆடும் ஆட்டம். அங்கே திறமையுள்ள சிறுவன் பதினாறு வயதை நெருங்கும்போது அவன் பெற்றோர்முன் ஒரு கேள்வி எழும்: ஆட்டமா, படிப்பா? இரண்டையும் ஒருங்கே காக்க முயன்றவர்களுள் கத்தோலிக்கக் குருக்கள் இருவர் சிறப்பிடம் பெறுவர். அவ்வரலாற்றைப் பிள்ளைகளைப் பெற்ற நம் பங்கு மக்கள் அறிவது நலமெனக் கருதி இங்கு சுருங்க வரைகிறோம்.

முற்காலத்தில் தேசிய ஹாக்கி லீகின் தொழில்முறைக் கழகங்கள், இளைஞர் ஆடும் ஜூனியர் அணிகளைத் தம் செலவில் வைத்திருந்தன. 'சி படிவம்' என்ற தாளில் சிறுவனும் பெற்றோரும் கையெழுத்திட்டால், அவன் அக்கழகத்துக்கே உரியவனாவான். பாபி ஓர் என்பவர் 1962-இல் பாஸ்டன் கழகத்துக்குக் கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 14. அவர் பின்னாளில் ஈடிணையற்ற வீரரானார் என்பது உண்மையே. ஆயினும் அதே படிவத்தில் கையெழுத்திட்டு, உச்சியையும் எட்டாமல், படிப்பையும் இழந்தோர் பலர். 1963-இல் தொடங்கிய வீரர் தேர்வு முறை வளர வளர, 1960-களின் முடிவில் அவ்வழக்கம் மறைந்தது.

டொரான்டோ நகரில் பசிலியன் சபைக் குருக்கள் நடத்திவந்த புனித மிக்கேல் கல்லூரி, படிப்போடு ஹாக்கியையும் வளர்த்த கூடம். ரெட் கெல்லி, ஃபிராங்க் மகோவ்லிச், டேவ் கியான் முதலிய பெருவீரர்கள் அங்கு பயின்றவர்களே. 1961-இல் அருட்தந்தை டேவிட் பாயர் பயிற்றுவித்த அக்கல்லூரி அணி, ஜூனியர் ஆட்டத்தின் உயரிய பரிசான மெமோரியல் கோப்பையை வென்றது. வெற்றியின் உச்சியில் நின்றவர்கள் மேலும் வெற்றி தேடுவதே உலக இயல்பு. ஆனால் ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகி மாணவர் படிப்பைக் குலைக்கிறதென்று கண்ட கல்லூரி, 1962-இல் அவ்வரங்கினின்று விலகிக்கொண்டது. பின்னர் 1997-இல்தான் அதன் அணி உயர்நிலை ஜூனியர் ஆட்டத்துக்குத் திரும்பியது.

தந்தை பாயரோ வான்கூவர் சென்று, பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டே நாட்டின் அணியை அமைத்தார். 1964-இல் இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் அவ்வணி நான்காம் இடம் பெற்றது. அவர் தொடங்கிய திட்டத்தின் பயனாக 1968-இல் கிரெனோபிளில் வெண்கலப் பதக்கம் கிட்டியது.

இரண்டாமவர் அருட்தந்தை ஆதல் மர்ரி. 1927-இல் சஸ்காச்சுவான் சமவெளியிலுள்ள வில்காக்ஸ் என்ற சிற்றூருக்கு வந்து, நோட்ர டாம் கல்லூரியை வளர்த்தவர். 1930-களின் பஞ்சக் காலத்தில் பணமில்லாத குடியானவர்களிடம் விளைபொருளையே கட்டணமாக ஏற்றார். அவர் 1975-இல் மறைந்தார். 1988-இல் அக்கல்லூரி அணி ஜூனியர் இரண்டாம் நிலையின் தேசியப் பரிசாகிய சென்டெனியல் கோப்பையை வென்றது. அவ்வணியின் ராட் பிரிண்டமூர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும், கர்ட்டிஸ் ஜோசப் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கும் சென்று, பின் தொழில்முறை ஆட்டத்தில் புகழடைந்தனர்.

கனடாவின் சிறுவர் இவ்வாறு அமெரிக்கக் கல்லூரிகளை நாடியது புதிதன்று. ரெஜைனா நகரத்து ரெட் பெரன்சன், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1962-இல் அங்கிருந்து நேரே மான்ட்ரியல் கழகத்தில் சேர்ந்தார். கோல்காப்பாளர் கென் டிரைடன் 1969-இல் கார்னெல் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். மான்ட்ரியலுக்காக ஆறுமுறை ஸ்டான்லி கோப்பையை வென்றார். இடையில் சட்டமும் படித்து முடித்தார்.

எனினும் இரு பாதைகளுக்கு நடுவே நெடுங்காலம் ஒரு மதில் நின்றது. கனடிய ஹாக்கி லீகின் மூன்று பெரிய ஜூனியர் லீகுகளில் ஆடுவோர் சிறு உதவிப்பணம் பெறுகிறார்கள். தொழில்முறை ஒப்பந்தம் செய்தவர்களும் அங்கு உடன் ஆடுகிறார்கள். ஆகவே அங்கு ஆடியவனைத் தொழில்முறை ஆட்டக்காரனாகக் கருதி, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கதவை அடைத்தது. பதினாறு வயதில் ஒரு வாயிலில் நுழைந்தால் மற்றது மூடிக்கொள்ளும். கல்லூரியை விரும்பியவன் அமெரிக்க ஜூனியர் லீகிலோ, கனடாவின் இரண்டாம் நிலை லீகுகளிலோதான் ஆடவேண்டும். 2024 ஆகஸ்டில் ஒரு வீரர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே சங்கம் விதியை மாற்றியது. 2025 ஆகஸ்டு முதல் நாள் மதில் விழுந்தது.

இன்றைய முறையையும் அறிவோம். சிறுவன் தன் ஊர்க் கழகத்தில் ஆடி, பதினைந்து பதினாறு வயதில் ஜூனியர் அணியால் தெரிந்தெடுக்கப்படுகிறான். அயலூரில் ஒரு குடும்பத்தாரின் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டே ஆடுகிறான். கல்லூரிப் பயிற்சியாளர் அவனோடு பேசத் தொடங்குவதற்கும், இடமளிப்பதாக வாய்மொழி கூறுவதற்கும் தனித்தனி நாட்கள் விதிக்கப்பட்டுள்ளன. முதலாவது, பத்தாம் வகுப்பின் சனவரி முதல் நாள். இரண்டாவது, பதினோராம் வகுப்புக்கு முந்திய ஆகஸ்டு முதல் நாள். ஆனால் பலர் பள்ளி முடிந்த பின்னும் இருபது வயதுவரை ஜூனியர் ஆட்டத்திலேயே முதிர்ந்து, அதன்பின்பே கல்லூரி புகுகின்றனர். முதல்தர ஆடவர் அணிகள் அறுபதுக்குச் சற்று மேல்; இடங்கள் குறைவே. இப்போது பெரிய ஜூனியர் வீரர்களும் அவ்விடங்களுக்கு வருவதால், பதினெட்டு வயதுச் சிற்றூர்ச் சிறுவனுக்கு நெருக்கடி மிகுந்துள்ளது. வாயில் திறந்தது, வரிசையோ நீண்டது.

இதில் நாம் காணும் பாடம் யாது? கோப்பையை வென்றபின்னும் மாணவனின் ஏட்டை மறவாத கல்லூரி, மதில் விழுவதற்கு அறுபதாண்டுகளுக்கு முன்பே சரியான கேள்வியைக் கேட்டது. ஆடும் கால்கள் ஒருநாள் ஓயும். கற்ற கல்வி உடன் வரும். பிள்ளையின் திறமையைக் கண்டு மகிழும் பெற்றோர், அவன் பதினாறு வயதில் இடும் கையெழுத்து நாற்பதாம் வயதிலும் அவனுக்குச் சோறு போடுமா என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்பார்களாக.