கல்லூரி ஆசிரியருக்கு இணையம் வந்த வழி

பள்ளியில் பாடம் நடத்த பி.எட். வேண்டும், கல்லூரியில் நடத்த வேண்டாம். முதுகலைப் பட்டமும் தகுதித் தேர்வும் போதும். பாடம் தெரிந்தவருக்குப் பாடம் சொல்லவும் தெரியும் என்பது உயர்கல்வியின் பழைய நம்பிக்கை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரின் சோழர்காலச் சபை இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், அங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைக்குரிய தகுதிகளைச் சொல்கின்றன. வாரியத்துக்குப் பெயர் எழுதக் கால் வேலி நிலம் வேண்டும். ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யத்தையும் கற்று, அதை வக்காணிக்கவும், அதாவது பிறருக்கு விளக்கவும், வல்லவராக இருந்தால் அரைக்கால் வேலியே போதும். பிரமதேய ஊரின் பிராமண ஆண்களுக்குள் நடந்த தேர்வு அது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் விளக்கும் திறனுக்குத் தனி மதிப்பு இருந்தது.

சுதந்திர இந்தியா அந்த மதிப்பைத் தரத் தாமதித்தது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, 1987 முதல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்களுக்கென்றே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளைத் தொடங்கியது. தமிழகத்தில் சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன், பாரதியார் பல்கலைக்கழகங்களில் அவை அமைந்தன. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்பதால், உத்திரமேரூர்ப் பக்கத்து ஆசிரியருக்குச் சென்னையே பயிற்சிக்களமாக இருந்தது. அப்போது புதியவருக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சி; மற்றவருக்கு மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சி. பதவி உயர்வுக்கு இவை கட்டாயமாக இருந்ததால் சான்றிதழுக்காகவே வந்தவர்களும் உண்டு. அறிமுகப் பயிற்சியின் நான்கு பகுதிகளில் ஒன்று தகவல் வளங்களைப் பற்றியது. கணினி இந்த வாசல் வழியாகத்தான் பயிற்சிக்குள் நுழைந்தது.

இணையம் அதற்கு முன்பே நாட்டுக்குள் வந்திருந்தது. 1986-இல் தொடங்கிய எர்நெட் வலையமைப்பில் சென்னை ஐ.ஐ.டி.யும் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15-இல் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைப்புத் தந்தபோது சென்னையும் முதல் நகரங்களுள் ஒன்று. ஆனால் தமிழ்வழியில் பாடம் நடத்துபவருக்குத் தடை வேறோர் இடத்தில் இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை. ஒரு கணினியில் தட்டிய வினாத்தாள் அடுத்த கணினியில் புரியாத கோடுகளாகத் தெரியும். தட்டச்சு இயந்திரத்தில் பழகிய விரல்கள் ஒரு பக்கம் இழுக்க, ஆங்கில ஒலிப்படி தட்டும் விசைப்பலகை இன்னொரு பக்கம் இழுத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாடு, தமிழ்99 விசைப்பலகைக்கும் டாம், டாப் குறியீடுகளுக்கும் வழிவகுத்தது. 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடை, டேஸ்16 முறையோடு சேர்த்து, தரமாக அறிவித்தது. அதற்குள் பத்தாண்டுப் பாடக் குறிப்புகள் பழைய எழுத்துருக்களில் சிக்கியிருந்தன. அவற்றை மாற்றி மீட்பதே பல தமிழ்த்துறைகளுக்கு முதல் இணையப் பாடமானது.

2009 பிப்ரவரியில் தொடங்கிய தேசியக் கல்வித் தொழில்நுட்பத் திட்டம் பல்கலைக்கழகங்களுக்கு நொடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பையும், கல்லூரிகளுக்கு 512 கிலோபிட் இணைப்புகள் சிலவற்றையும் தருவதாகத் திட்டமிட்டது. கிராமத்துக் கல்லூரியின் இடம் இந்த எண்களிலேயே தெரிகிறது. இதே திட்டத்தின் கீழ் மும்பை ஐ.ஐ.டி.யில் தீபக் பாடக் நடத்திய ‘பத்தாயிரம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி’ முயற்சி புதுமையானது. ஒருங்கிணைப்பாளர்கள் முதலில் மும்பைக்குச் சென்று பழகினர். பிறகு நாடெங்கும் உள்ள தொலைமையங்களில் ஆசிரியர்கள் கூட, அமிர்தா பல்கலைக்கழகத்தின் ஏ-வியூ மென்பொருள் வழியே மும்பையிலிருந்து பாடம் நேரலையாக வந்தது, கேள்வியும் கேட்க முடிந்தது. செய்முறைக்குத் தொலைமையத்தின் கணினிக்கூடம். ஆனால் மையங்கள் பெரும்பாலும் பொறியியல் கல்லூரிகள். கலைக் கல்லூரி ஆசிரியருக்கு இதில் பங்கு குறைவு. அவருக்கு இன்னும் பொருந்தியது, அதே ஐ.ஐ.டி.யில் கண்ணன் மௌத்கல்யா உருவாக்கிய ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’. பத்து நிமிடப் பாடங்கள், தமிழ்க் குரலில். குறுவட்டில் இருந்தால் இணையமே தேவையில்லை.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசு, உதவிபெறும் கல்லூரி மாணவர்களின் கையில் கணினி தந்தது; ஆசிரியருக்கு அதில் இடமில்லை. வகுப்பில் கணினி யாரிடம் முதலில் வந்தது என்பது இப்படித் தலைகீழானது. 2017 ஜூலையில் இணையவழிப் படிப்புகளுக்கான ‘ஸ்வயம்’ தளம் வந்தது. மறு ஆண்டு வந்த ‘அர்பித்’ திட்டம், 40 மணி நேர இணையப் படிப்பைத் தேர்வோடு முடித்தால் அதைப் புத்தொளிப் பயிற்சியாக ஏற்றது.

இணையத்தைப் பயன்படுத்தியே தீர வேண்டிய நாள் 2020 மார்ச்சில் வந்தது. ஊரடங்கில் கூகுள் கிளாஸ்ரூமையும் ஜூமையும் பெரும்பாலோர் பயிற்சியில் கற்கவில்லை. சக ஆசிரியரிடமும் மாணவரிடமும் கேட்டுக் கற்றனர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையங்களாகவும், 2023-இல் மாளவியா பயிற்சி மையங்களாகவும் பெயர் மாறின. அவற்றின் வகுப்புகள் பல இப்போது இணையவழியே நடப்பதால், உத்திரமேரூரிலிருந்து சென்னைக்குப் பேருந்து ஏறாமலே அவற்றை முடித்துவிடலாம்.