ஒரு டிஸ்க் பழுதானால்

1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை மலிந்த சிறு டிஸ்க்குகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்தால் பெரிய டிஸ்க்கின் வேலையை வாங்கலாம், ஒன்று பழுதானாலும் தகவல் போகாது என்றார்கள். அதற்கு 'ரெய்டு' என்று பெயர்.

சூட்சுமம் குமாஸ்தாக்களுக்குப் பழக்கமானதுதான். பதிவேட்டில் நான்கு தொகை, அடியில் கூட்டல். ஒரு தொகையின் மேல் மை கொட்டிவிட்டால், கூட்டலிலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் கிடைத்துவிடும். (எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் கணக்கை ஒன்பதால் சரிபார்க்கச் சொல்லித்தந்தார்கள். அது தப்பைக் காட்டும், தொலைந்ததைத் தராது.)

சிக்கல் மீட்கும் நேரத்தில்தான். மிச்ச டிஸ்க்குகளை முழுக்கப் படித்து, புதிய டிஸ்க்கில் எழுதவேண்டும். 10 டெராபைட் டிஸ்க்கில் நொடிக்கு 200 மெகாபைட் எழுதினால்கூட 14 மணி நேரம்! அதற்குள் இன்னொன்று பழுதானால் எல்லாம் போச்சு. டிஸ்க்கின் கொள்ளளவு வளர்ந்த அளவுக்கு வேகம் வளரவில்லை.

1990-இல் மன்ட்ஸ், லூயி இருவரும், 1992-இல் ஹாலந்து, கிப்சன் இருவரும் இதற்கு வழி சொன்னார்கள். தொகைகளையும் கூட்டல்களையும் இன்னும் பல டிஸ்க்குகளில் கலந்து பரப்பிவைத்தால், மீட்கும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் படித்தால் போதும். எழுதுவதற்கான காலி இடத்தையும் அப்படியே பரப்பிவைக்கலாம் என்று வேறு சிலர் கண்டார்கள். லீவில் போனவரின் கோப்புகளை ஒரே மேஜையில் குவிக்காமல் செக்‌ஷன் முழுக்கப் பங்கிடுகிற மாதிரி.

2021-இல் 'ஓப்பன் இசட்எஃப்எஸ்' மென்பொருளிலும் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. புது டிஸ்க் வந்துசேருமுன்பே மீட்பு முடிந்துவிடலாம்.