ஆவடி டேங்க் ஃபேக்டரியும் சோவியத்துக்குப் பிந்தைய ரஷ்யாவும்

சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் ஆகிய ஊர்களின் அண்மைக்கால வரலாறு பாதுகாப்புத் துறை ஆலைகளின் சங்கு நேரத்தோடு பிணைந்தது. ஐ.டி.ஐ. முடித்து அப்ரன்டிஸாக உள்ளே நுழைந்தவர்கள் நிரந்தரமானதும் மனை வாங்கிக் குடியேறிய ஊர்கள் இவை. இங்குள்ளவர்கள் ‘டேங்க் ஃபேக்டரி’ என்று சொல்வது ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையை. 1991க்குப் பின் ரஷ்யாவின் அரசியலும் பொருளாதாரமும் குலுங்கியபோதெல்லாம் அந்த அதிர்வு இந்த ஆலையின் வேலைப்பட்டியலில் பதிவானது.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் ‘சோஷலிச பாணிச் சமுதாயம்’ என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டின் இறுதியிலேயே சோவியத் தலைவர்கள் குருஷ்சேவும் புல்கானினும் இந்தியாவுக்கு வந்து சென்னையையும் பார்த்துச் சென்றார்கள். ஆனாலும் சில ஆண்டுகளில் அதே ஊரில் எழுந்த டேங்க் ஃபேக்டரிக்குச் சோவியத் உதவி கிடைக்கவில்லை. 1961இல் ஒப்பந்தம் போட்டது பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு. 1965 டிசம்பரில் வெளிவந்த முதல் ‘விஜயந்தா’ ஆங்கிலேய வடிவமைப்புதான். சோவியத் டேங்க் ஆவடிக்குள் வர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1970களின் இறுதியில் டி-72 வாங்கத் தொடங்கிய இந்தியா, 1980களில் அதைத் தானே கட்டும் உரிமம் பெற்றது. அதன் இன்ஜினுக்காக 1987இல் பக்கத்திலேயே இன்ஜின் ஃபேக்டரி வந்தது. டி-72க்கு ராணுவம் இட்ட பெயர் ‘அஜேயா’.

இரண்டு டேங்குகளையும் அருகருகே நிறுத்தினால் வேறுபாடு வெளியிலிருந்தே தெரியும். விஜயந்தா உயரமானது. உள்ளே நான்கு பேர். அவர்களில் ஒருவரின் வேலை குண்டைத் தூக்கிப் பீரங்கிக்குள் திணிப்பது மட்டுமே. டி-72இல் அந்த நான்காவது ஆள் கிடையாது. சுழல்மேடையின் அடியில் வட்டமாகச் சுற்றும் தட்டு ஒன்றில் 22 சுற்றுகள் அடுக்கப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் தட்டு சுழன்று நிற்கும். இயந்திரக் கை முதலில் குண்டையும் பிறகு வெடிமருந்தையும் 125 மி.மீ. பீரங்கிக்குள் தள்ளும். ஓர் ஆள் குறைந்ததால் டேங்க் தாழ்ந்தது, சிறுத்தது. பிரிட்டிஷ் முறையில் பழகிய ஆலைக்கு இது புதிய பள்ளிக்கூடம்: வேறு வரைபடம், வேறு அளவுத் தரம், வேறு உலோகக் கலவை.

கட்டணம் செலுத்திய முறையும் வேறாக இருந்தது. 1953 வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இரு நாடுகளும் டாலரைத் தொடாமல் ரூபாய்க் கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடத்தின. ஆயுதத்துக்கு ஈடாகத் தேயிலை, புகையிலை, மருந்து, ஆயத்த ஆடை போயின. சோவியத் நாடு தந்தது நீண்ட காலக் கடன், குறைந்த வட்டி. 1971 நட்புறவு ஒப்பந்தம் இதற்கு அரசியல் கூரை. சோவியத் அமைப்பு திறமையாக நடந்ததா என்பது வேறு கேள்வி. இந்திய வாடிக்கையாளருக்கு அது வசதியாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

1991 டிசம்பர் 25 அன்று சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலகினார். ஒரே நாடாக இருந்தது பதினைந்தாகப் பிரிந்தது. எந்த ஆலை எந்த நாட்டில் விழுந்தது என்பதே முதல் சிக்கல். ஒரே ஆயுதத்தின் பாகங்களை ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் என்று மூன்று இடங்களில் செய்துகொண்டிருந்த ஏற்பாடு சுங்கச் சாவடிகளால் துண்டானது. 1992, 1993 ஆண்டுகளில் இந்திய முப்படைகளும் உதிரிப் பாகங்களுக்குத் திண்டாடின. கடிதம் எழுதினால் பதில் சொல்ல வேண்டிய அமைச்சகமே மாஸ்கோவில் இல்லாமற்போயிருந்தது. பதில் சொன்னவர்களும் டாலர் கேட்டார்கள்.

ரஷ்யாவுக்குள் நிலைமை இன்னும் மோசம். 1992 ஜனவரி 2 அன்று அதிபர் யெல்ட்சினின் அரசு, துணைப் பிரதமர் கைதாரின் திட்டப்படி, பெரும்பாலான பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஓராண்டில் விலைவாசி ஏறத்தாழ 2,500 சதவீதம் ஏறியது. வாழ்நாள் சேமிப்பு சில மாதங்களில் கரைந்துபோனது. அக்டோபரில் ஒவ்வொரு குடிமகனுக்கும் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள தனியார்மயச் சீட்டு வழங்கப்பட்டது. ஆலைகளில் எல்லோருக்கும் பங்கு என்பது திட்டம். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் சீட்டை விற்றார்கள். வாங்கியவர்கள் ஆலைகளைப் பிடித்தார்கள். 1993 அக்டோபரில் நாடாளுமன்றத்தோடு மோதிய யெல்ட்சின், அந்தக் கட்டடத்தின் மீது டேங்குகளைக் கொண்டே சுட வைத்தார். டிசம்பரில் வந்த புதிய அரசியல் சாசனம் அதிபரிடம் பேரளவு அதிகாரத்தைக் குவித்தது. புதினின் ஆட்சிமுறைக்கு அடித்தளம் ஜனநாயகவாதி என்று மேற்குலகம் கொண்டாடிய யெல்ட்சின் காலத்தில் போடப்பட்டது என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 1994இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 58 வயதுக்கும் கீழே இறங்கியது. போர் இல்லாத காலத்தில், தொழில்வளம் பெற்ற நாடொன்றில் அப்படியொரு சரிவு அரிது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சரிவு வேறொரு வழியிலும் தெரிந்தது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் குறைந்த விலைக்கு விற்ற தமிழ் மொழிபெயர்ப்புகளின் வரத்து நின்றது.

ஆவடியின் டி-72 பிறந்த இடம் யூரல் மலைப் பகுதியின் நிஷ்னி தகில் நகரிலுள்ள ‘யூரல்வகோன்சவோத்’. 1936இல் தொடங்கிய இந்த ஆலையின் அடிப்படைத் தொழில் ரயில் சரக்குப் பெட்டி. 1941இல் ஹிட்லரின் படைகள் நெருங்கியதும் உக்ரைனின் கார்கீவ் நகர டேங்க் ஆலையை இயந்திரங்களோடும் ஆட்களோடும் கிளப்பி ரயிலேற்றி இங்கே சேர்த்தார்கள். போர் முடிந்ததும் கார்கீவ் ஆலை மீண்டும் எழுந்தது. இரண்டும் ஒரே அரசின் கீழ் போட்டி ஆலைகளாயின. யெல்ட்சின் கம்யூனிஸ்ட் கட்சியின் மாகாணத் தலைவராக இருந்தபோது நிஷ்னி தகில் அவர் ஆளுகைக்குள்தான் இருந்தது. அவர் அதிபரானதும் அந்த ஆலைக்கு அரசின் டேங்க் ஆர்டர் வற்றியது. 1992இல் ராணுவம் ஏற்றுக்கொண்ட புதிய டி-90ஐ, பணமில்லாத அரசு அந்தப் பத்தாண்டில் நூற்றுச்சொச்சம் மட்டுமே வாங்கியது. தொழிலாளர்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவை.

சுதந்திர உக்ரைனும் பணத்துக்காகத் தவித்தது. அந்தக் கார்கீவ் ஆலையான மாலிஷெவ் ஆலை 320 டி-80யுடி டேங்குகளைப் பாகிஸ்தானுக்கு விற்றது; 1997 முதல் 1999 வரை அவை போய்ச்சேர்ந்தன. சோவியத் ஆட்சி இருந்திருந்தால் இந்த விற்பனை நடந்திருக்காது. இதற்கு ஈடுகொடுக்க இந்தியா தேடிப்போன இடம் நிஷ்னி தகில். 1941இல் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்களின் வாரிசுகள், பஞ்சாப் எல்லையின் இரு பக்கங்களுக்கும் டேங்க் விற்று உலை வைத்தார்கள்.

1993 ஜனவரியில் யெல்ட்சின் டெல்லி வந்தபோது பழைய கடன் கணக்கு முடிவுக்கு வந்தது. பெரும்பகுதியைப் பன்னிரண்டு ஆண்டுகளிலும், எஞ்சியதை வட்டியில்லாமல் 45 ஆண்டுகளிலும் அடைப்பதென்று ஒப்பந்தம். ரூபாயில் செலுத்தலாம், அந்த ரூபாயைக் கொண்டு ரஷ்யர்கள் இந்தியச் சரக்கை வாங்கிக்கொள்ளலாம். அதே பயணத்தில் 1971 ஒப்பந்தத்தின் இடத்தில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. 1971இல் இருந்த ராணுவ உள்ளர்த்தம் இதில் இல்லை.

1998 ஆகஸ்ட் 17 அன்று ரஷ்யா தன் உள்நாட்டுக் கடன்களைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 1999இன் கடைசி நாளில் யெல்ட்சின் விலகிப் புதின் வந்தார். 2001 பிப்ரவரியில் இந்தியா 310 டி-90 டேங்குகளுக்கு ஆர்டர் கொடுத்தது: 124 முழுதாக ரஷ்யாவிலிருந்து, மீதி 186 ஆவடியில் பூட்டப்படும். நிஷ்னி தகிலின் அசெம்பிளி வரிசை மீண்டும் ஓடியது இந்தப் பணத்தில். சோவியத் காலத்தில் கொடுப்பவரும் பெறுபவரும் யார் என்பதில் குழப்பம் இருந்ததில்லை. இப்போது அந்த உறவு தலைகீழானது.

ராணுவம் ‘பீஷ்மா’ என்று பெயரிட்ட இந்த டேங்கில் புதிய ரஷ்யாவின் உலகமே அடக்கம். குறிபார்க்கும் கருவி பெலாரஸ் நாட்டில் செய்தது. அதற்குள் இருக்கும் வெப்பப்படக் கருவி பிரெஞ்சு தாலேஸ் நிறுவனத்தினுடையது. ராஜஸ்தான் பாலைவன வெயிலில் அது படுத்துக்கொண்டதும் உண்டு. தொழில்நுட்பக் கைமாற்றம் இழுத்தடித்தது. பீரங்கிக் குழாய், கவசம் ஆகியவற்றின் நுட்பத்தை ரஷ்யத் தரப்பு எளிதில் தரவில்லை. வந்த ஆவணங்களும் ரஷ்ய மொழியில் இருந்ததால் மொழிபெயர்ப்பிலேயே காலம் போனது. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். டேங்குக்கு வரைபடம் வேண்டும். விடுபட்டவற்றை உள்நாட்டிலேயே உருவாக்கிய பிறகு, ஆவடியில் கட்டிய முதல் பத்து பீஷ்மாக்கள் ராணுவத்தின் கைக்குப் போனது 2009 ஆகஸ்டில்.

இதற்குள் எண்ணெய் விலை ஏறி ரஷ்ய அரசு வலுப்பெற்றிருந்தது. பெரிய ஆலைகள் அரசின் கட்டுப்பாட்டுக்குத் திரும்பின. 2011 டிசம்பரில் தேர்தல் மோசடியை எதிர்த்து மாஸ்கோவில் கூட்டம் திரண்டபோது, புதினின் நேரலை நிகழ்ச்சியில் யூரல்வகோன்சவோத்தின் பட்டறைத் தலைவர் இகோர் ஹோல்மான்ஸ்கிக் பேசினார். போலீஸால் முடியாவிட்டால் தானும் ஆலை ஆட்களும் வந்து ஒழுங்கைக் காக்கத் தயார் என்றார். ஐந்தே மாதத்தில் புதின் அவரை யூரல் பகுதிக்கான தன் பிரதிநிதியாக்கினார். தலைநகரின் படித்த நடுத்தர வர்க்கத்துக்கு எதிராக, 1990களில் பட்டினி கிடந்த ஆலைத் தொழிலாளியை நிறுத்தும் உத்தி அது. அந்த ஆண்டுகளின் நினைவு இல்லாமல் புதினின் செல்வாக்கு விளங்காது. 2016 இறுதியில் இந்த ஆலை ரோஸ்டெக் என்ற அரசுக் கழகத்தின் கீழ் போனது.

ஆவடியிலும் ஆலையின் சட்ட உருவம் மாறியது. படைக்கல ஆலைகளை நிறுவனங்களாக்கும் திட்டத்தை எதிர்த்து 2019 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் நடந்தது. இடதுசாரி, காங்கிரஸ், சங்கப் பரிவாரச் சம்மேளனங்கள் மூன்றும் ஒரே வரிசையில் நின்றது அபூர்வக் காட்சி. 2021இல் பாதுகாப்பு உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் டேங்க் ஃபேக்டரி, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகாம்’ என்ற அரசு நிறுவனத்தின் பகுதியானது. தொழிலாளர்கள் மத்திய அரசு ஊழியர்களாகவே, அயற்பணி அடிப்படையில் நீடித்தார்கள். ரஷ்யாவில் நடந்ததுபோல் சீட்டு வழங்கவில்லை. ஆலை யார் கைக்கும் போகவில்லை.

2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் படை நுழைத்தது. கார்கீவின் மாலிஷெவ் ஆலை ரஷ்ய ஏவுகணைகளுக்கு இலக்கானது. தடைகளால் டாலர் வழி அடைபட, இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய்க்கான ரூபாய் இந்திய வங்கிகளில் தேங்கியது. அந்தப் பணத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் 2023 மே மாதம் கோவாவில் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கு முன் ரூபாய் பாக்கி வைத்திருந்தது இந்தியா.

2025 மார்ச்சில் டி-72களின் 780 குதிரைத்திறன் இன்ஜினுக்குப் பதிலாக 1,000 குதிரைத்திறன் இன்ஜின் பொருத்த, 24.8 கோடி டாலர் மதிப்பில் ரஷ்ய அரசின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட்டோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த இன்ஜின்களைப் பொருத்துவதற்கும் உரிமத்தின் பேரில் தயாரிப்பதற்குமான தொழில்நுட்பம் ஆவடி ஆலைக்குக் கைமாற்றப்படும் என்பதும் அந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதி.